ஜெருசலேமில் யூதக் கல்யாணப் பரிசு வாங்குவது: எந்தக் கடை, எந்தப் பொருள், எதற்குக் காசு கொடுக்கலாம்

இஸ்ரேலுக்கு ஆராய்ச்சி வேலைக்கோ ஐடி வேலைக்கோ வந்து ஒரு வருஷம் ஓடிவிட்டால் நம்மவர்களுக்கு எப்படியும் ஒரு கல்யாண அழைப்பு வந்துவிடும். கூடவே என்ன கொடுப்பது என்ற கேள்வியும் வரும். வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள், பாதிப் பேர் ஒட்டக பொம்மை வரைக்கும் போய்விடுவார்கள். எங்கள் லேபில் எனக்குப் பக்கத்து மேசைக்காரப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது ஜெருசலேமில் இதற்காகவே கடை கடையாக ஏறி இறங்கினேன், அதற்குப் பிறகு வந்த கல்யாணங்களுக்கும் வாங்கியிருக்கிறேன், எது எடுபட்டது எது பரணுக்குப் போனது என்று அவர்கள் வீட்டிலேயே பார்த்துமிருக்கிறேன். அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷோகேஸில் வைக்கிற பொருளுக்குக் காசு கொடுக்காதீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேசைக்கு வருகிற பொருளுக்கோ, வாசல் நிலையில் ஏறுகிற பொருளுக்கோ கொடுங்கள். கொஞ்சம் பக்தியான குடும்பமாக இருந்தால் சப்பாத், அதாவது வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொடங்கிச் சனிக்கிழமை இருட்டும் வரை நீள்கிற ஓய்வு நாள், வாரா வாரம் தவறாமல் வரும், அந்த மேசையில் உங்கள் பொருளுக்கு ஒரு வேலை இருந்தால் அது நாற்பது வருஷம் அந்த வீட்டில் இருக்கும்.

அதற்கு முன் பணத்தைப் பற்றி. இஸ்ரேலில் கல்யாணப் பரிசு என்றால் பெரும்பாலும் பணம்தான். மண்டப வாசலிலேயே பெட்டி வைத்திருப்பார்கள், செக்கையோ நோட்டையோ வாழ்த்து அட்டையோடு கவரில் போட்டு அதில் சேர்த்துவிடலாம், போன் ஆப் வழியாக அனுப்புகிறவர்களும் இப்போது நிறைய. பக்தியான குடும்பங்களிலும் அமெரிக்காவிலிருந்து வந்த குடும்பங்களிலும் தொகை 18-இன் மடங்காக இருப்பதை அடிக்கடி பார்க்கலாம்: 180, 360, 540 என்று. எபிரேயத்தில் உயிர் என்ற சொல்லின் இரண்டு எழுத்துக்கும் உள்ள எண் மதிப்பைக் கூட்டினால் 18. நாம் 101, 501 என்று மொய் எழுதுகிற மாதிரிதான், யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை, ஆனால் பார்த்ததும் அவர்கள் முகம் மலரும். சாதாரணப் பழக்கம்தான், ஆபீஸில் பார்க்கிறபோது தலையசைக்கிற அளவு என்றால் கவர் போதும், இதற்கு மேல் படிக்கவே வேண்டாம். நெருங்கிய சினேகிதம், பரிசு கொஞ்ச நாள் பேச வேண்டும் என்று நினைத்தால் மேலே படியுங்கள்.

கடைகள் விஷயத்துக்கு வருகிறேன். ஜெருசலேமில் இந்த மாதிரிப் பொருள் விற்கிற இடங்களை நான் மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறேன். பென் யெகூதா தெருவும் பழைய நகரத்தின் யூதர் பகுதியும் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளை நம்பி நடப்பவை. யாஃபா வாசலுக்கு வெளியே பள்ளத்தில் ஹூட்சோத் ஹயோட்சேர் என்று கைவினைக் கலைஞர்களின் சந்து ஒன்று இருக்கிறது. அப்புறம் மெயா ஷெஆரிம், 1874-இல் பழைய நகரத்து மதிலுக்கு வெளியே எழுந்த ஆரம்பக் குடியிருப்புகளில் ஒன்று, தீவிர பக்தர்களின் பேட்டை, அவர்கள் தங்கள் வீட்டுக்கே வாங்குகிற கடைகள் அங்கேதான்.

முதல் வகையில் நல்ல கடையே இல்லை என்று சொல்ல மாட்டேன், பொறுமையாகத் தேடினால் கிடைக்கும். ஆனால் பழைய நகரத்து மதில் படம் பதித்த தட்டு, மதில் படம் பதித்த கிண்ணம், மதில் படம் பதித்த மெழுகுவர்த்தித் தாங்கி என்று எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். வெளிநாட்டிலிருந்து ஒரு வாரம் வந்து போகிறவர்களுக்கு அது ஞாபகப் பொருள். ஜெருசலேமிலேயே குடியிருக்கப் போகிற ஜோடிக்கு ஜன்னலைத் திறந்தாலே தெரிகிற மதிலைத் தட்டில் வேறு எதற்குக் கொடுப்பது?

ஹூட்சோத் ஹயோட்சேர் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். ரயிலில் சிட்டி ஹால் நிறுத்தத்தில் இறங்கி, மமில்லா கடைவீதி வழியாக நடந்தால் போய்விடலாம். பட்டறையும் கடையும் ஒன்றாக இருக்கிற கல் கட்டடங்கள், பல இடங்களில் செய்கிறவரே விற்கிறார். ஆகஸ்டில் பக்கத்தில் சுல்தான் குளம் என்கிற பழைய, வற்றிய நீர்த்தேக்கத்தில் பெரிய கைவினைச் சந்தை நடக்கும், அப்போது கூட்டம் தாங்காது, நிதானமாகப் பேசி வாங்க வேண்டுமென்றால் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

அங்கேதான் கித்தூஷ் கிண்ணம் வாங்கினேன். சப்பாத் ராத்திரி திராட்சை ரசத்தை ஊற்றி ஆசி சொல்லிக் குடிக்கிற கிண்ணம் இது, கல்யாணப் பந்தலுக்குக் கீழேயும் இதே மாதிரிக் கிண்ணத்தில்தான் மாப்பிள்ளையும் பெண்ணும் குடிக்கிறார்கள். எனக்குத் தெரியாமல் இருந்த ஒரு விஷயத்தைக் கடைக்காரர் சொல்லித் தந்தார்: கிண்ணம் எவ்வளவு அழகாக இருந்தாலும் குறைந்தபட்ச அளவு பிடிக்காவிட்டால் சடங்குக்கு ஆகாது. அந்த அளவை ஒரு கணக்குப்படி 86 மில்லி என்கிறார்கள், கண்டிப்பான இன்னொரு கணக்குப்படி சுமார் 150 மில்லி. அவர் ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்து, அளவுக் குவளையில் ஊற்றி, நான் ஆசைப்பட்ட குட்டிக் கிண்ணத்தில் சாய்த்தார். பாதிக்கு மேல் குவளையிலேயே மிச்சம். எந்தக் கணக்குப்படி பார்த்தாலும் தேறாத கிண்ணம். பக்கத்தில் இருந்த கொஞ்சம் உயரமான, வேலைப்பாடு குறைந்த கிண்ணம் 150-ஐத் தாராளமாகப் பிடித்தது. அதையே எடுத்தேன். இதைக் கேட்காமல் கித்தூஷ் கிண்ணம் வாங்காதீர்கள், கேட்டால் முகம் சுளிக்கிற கடையில் வாங்கவே வாங்காதீர்கள்.

வெள்ளியைப் பொறுத்தவரை 925 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முலாம் பூசியது கால்வாசி விலைக்குக் கிடைக்கும், அது ஒன்றும் பாவமில்லை, ஆனால் முலாம் என்று சொல்லி விற்க வேண்டும். மெழுகுவர்த்தித் தாங்கிகளில் இன்னொரு விஷயம் உண்டு. மேலே மெல்லிய சுத்த வெள்ளித் தகடு, உள்ளே எடைக்காக வேறு எதையாவது நிரப்பியிருப்பார்கள், கையில் கனமாக இருக்கிறதே என்று நாம் நம்பிவிடுவோம். வெள்ளி மட்டும் எத்தனை கிராம் என்று நேராகக் கேளுங்கள். நம் ஊரில் நகைக்கடையில் கேட்கிறோமே, இங்கே மட்டும் என்ன கூச்சம்?

யெமனிலிருந்து வந்த யூதர்களின் வெள்ளிக் கம்பி வேலையைப் பார்த்தால் கொஞ்சம் நில்லுங்கள். யெமனில் வெள்ளி ஆசாரி வேலை பரம்பரை பரம்பரையாக யூதர்கள் கையில் இருந்தது, 1949, 50-இல் ஏறக்குறைய அந்தச் சமூகம் முழுவதும் விமானம் ஏறி இங்கே வந்தபோது அந்தக் கைத்திறனும் கூடவே வந்தது. அதற்கு முன்பே வந்து சேர்ந்தவர்களுக்கு ஜெருசலேமில் 1906-இல் தொடங்கிய பெத்சலேல் கலைப் பள்ளியின் பட்டறையில் வேலை கிடைத்தது. தலைமுடி மாதிரி மெல்லிய கம்பியை முறுக்கி, சுருட்டி, சின்னச் சின்ன வெள்ளி மணிகளை வைத்து ஒட்டியிருப்பார்கள். கையால் செய்ததில் சுருள்கள் ஒன்றுக்கொன்று கொஞ்சமாவது மாறியிருக்கும், அச்சில் வார்த்ததில் எல்லாச் சுருளும் அப்படியே ஒன்றாக இருக்கும், கம்பிக்கு நடுவே வெளிச்சம் சரியாகத் தெரியாது. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தால் போதும், வித்தியாசம் தெரிந்துவிடும்.

இந்தக் கம்பி வேலையில் நான் சிபாரிசு செய்வது ஹவ்தலா மசாலாப் பெட்டி. சனிக்கிழமை இருட்டிய பிறகு சப்பாத்தை வழியனுப்புகிற சின்னச் சடங்குக்குத் திராட்சை ரசம், பின்னல் மெழுகுவர்த்தி, வாசனைப் பொருள் மூன்றும் வேண்டும். வாசனைப் பொருளை இந்தப் பெட்டியில் போட்டுக் கையில் கையாக மாற்றி முகர்ந்து பார்ப்பார்கள். அநேகமாகக் கிராம்பு, சில வீட்டில் பட்டையும் சேரும். நான் நாகர்கோவில்காரி. ஊரிலிருந்து அம்மா அனுப்பிய மாறாமலைக் கிராம்பைப் பெட்டி நிறையப் போட்டுக் கொடுத்தேன், கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது என்பதையும் சொன்னேன். பெண்ணின் தாத்தா மூடியைத் திறந்து ரொம்ப நேரம் முகர்ந்துவிட்டு, அடுத்து யார் ஊருக்குப் போனாலும் இதில் கால் கிலோ வேண்டும் என்றார். கிண்ணத்தை விடக் குறைந்த விலை, இதைத்தான் அந்த வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். தென்னிந்தியாவிலிருந்து போகிற எவருக்கும் இதை விடப் பொருத்தமான பரிசு எனக்குத் தெரியவில்லை.

இனி மெசுசா. இதில்தான் ஏமாறுகிறவர்கள் அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாசல் நிலையின் வலது பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு குழல் மாதிரி அடித்திருப்பார்களே, அதுதான் மெசுசா. வெளியே தெரிகிற குழல் வெறும் உறைதான். உள்ளே சுருட்டி வைத்திருக்கிற தோலில் பைபிளில் வருகிற உபாகமத்தின் 6-ஆம், 11-ஆம் அதிகாரங்களிலிருந்து இரண்டு பகுதிகளை, 22 வரியில், 713 எழுத்தில், பயிற்சி பெற்ற எழுத்தர் இறகுப் பேனாவால் கையால் எழுதியிருக்க வேண்டும். எழுத்துகளை வரிசைப்படிதான் எழுத வேண்டும், நடுவில் ஒன்று விட்டுப்போனால் பிறகு திரும்பி வந்து சேர்க்கக் கூடாது, தோலே வீண். ஒரு எழுத்து பக்கத்து எழுத்தைத் தொட்டாலும் செல்லாது. அச்சடித்த காகிதமும் செல்லாது. இவ்வளவு இருக்கிறதால் நல்ல தோல் சுருளின் விலை பல சமயம் உறையை விடக் கூடுதலாக இருக்கும், இருக்கவும் வேண்டும்.

சுற்றுலாத் தெரு ஒன்றில் ஒரு கடையில் பளபளவென்று எனாமல் வேலை செய்த மெசுசாவைக் காட்டி, எல்லாம் சேர்த்து இந்த விலை, அப்படியே வாசலில் மாட்ட வேண்டியதுதான் என்றார்கள். பின்பக்க மூடியைத் தள்ளிப் பார்த்தேன், உள்ளே கடைச் சீட்டு மாதிரி ஒரு காகிதத்தில் அச்சடித்த எழுத்து. இது கையால் எழுதினதா என்று கேட்டேன். எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்று பதில். அது பதிலே இல்லை. பக்தியான குடும்பத்துக்கு இதைக் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள், உங்கள் மனம் நோகக் கூடாது என்று ஒன்றும் சொல்ல மாட்டார்கள், பிறகு தனியாகப் போய்த் தோல் வாங்கிப் போடுவார்கள். உறை மட்டும்தான் விற்கிறோம், தோல் தனி என்று சொல்கிற கடை எவ்வளவோ மேல்.

தோலுக்கு நான் போனது மெயா ஷெஆரிமில் எழுத்தர்களோடு நேரடியாகத் தொடர்பு உள்ள ஒரு சின்னக் கடை. பெண்கள் போகிறீர்கள் என்றால் முழுக்கை, நீளப் பாவாடை போட்டுக்கொண்டு போங்கள், தெருவிலேயே பலகை வைத்திருக்கிறார்கள், அது அவர்கள் வீடு, அவர்கள் வழக்கம். கடைக்குள் அலங்காரம் ஒன்றும் இல்லை, மேசை, விளக்கு, இழுப்பறைகள் அவ்வளவுதான். பெரியவர் ஒரு சுருளை விரித்து, விளக்குக்குக் கீழே வைத்து, எழுத்துகளின் தலையில் இருக்கிற மயிரிழைக் கிரீடங்களைக் காட்டினார். பிறகு அதே வரியை விலை குறைந்த ஒரு சுருளில் காட்டினார். இரண்டும் செல்லும், ஆனால் குறைந்த விலைச் சுருளில் வரி மேலும் கீழும் அலைகிறது, மை சில இடத்தில் திக்காக, சில இடத்தில் வெளிறி. விலை வித்தியாசம் எழுத்தின் தரத்தில் இருக்கிறது என்பதை யாரும் சொல்லாமலே கண் பார்த்துக்கொண்டது. கணினியில் ஸ்கேன் செய்து ஒரு தடவை, மனிதக் கண்ணால் ஒரு தடவை, இரண்டு சோதனையும் ஆன சுருள் என்று உறையில் குறிப்பு வைத்துக் கொடுத்தார். நான் யூதப் பெண் இல்லை என்று தெரிந்தும் அவ்வளவு நேரம் எனக்காகச் செலவழித்தார், அவசரப்படுத்தவே இல்லை.

அவர் என்னிடம் கேட்ட கேள்விகளை நீங்களும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள். அஷ்கெநாசி (ஐரோப்பிய வழி யூதர்) குடும்பமா, செஃபார்தி (ஸ்பெயின், மத்தியக் கிழக்கு வழி யூதர்) குடும்பமா? எழுத்து பாணி மாறும். உறை எத்தனை சென்டிமீட்டர்? பன்னிரண்டு சென்டிமீட்டர் தோலைப் பத்து சென்டிமீட்டர் உறையில் மடித்துத் திணிக்க முடியாது. இரண்டையும் ஒரே நாளில் வாங்கி, கடையிலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள். மாட்டுவதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், அஷ்கெநாசிகள் சற்றுச் சாய்த்து அடிப்பார்கள், செஃபார்திகள் நேராக. ஏழு வருஷத்துக்கு இரண்டு தடவை தோலைக் கழற்றிச் சோதிப்பது முறை, அதனால் கடையின் அட்டையையும் பரிசோடு வைத்துவிட்டேன்.

கெத்துபா பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், சுவரில் மாட்டுகிற அழகான கல்யாண ஒப்பந்தம், அதைப் பரிசாகக் கொடுக்கலாமா என்று. ஜோடியிடம் கேட்காமல் கூடாது. அது அரமேய மொழியில் எழுதிய, சட்ட பலமுள்ள பத்திரம். மாப்பிள்ளை பெண்ணுக்கு என்னென்ன கடமைப்பட்டிருக்கிறான், பிரிந்தாலோ இறந்தாலோ அவளுக்கு எவ்வளவு சேர வேண்டும் என்று அதில் இருக்கும், கன்னிப் பெண்ணுக்கு 200 சூஸ் (பழங்காலத்து வெள்ளிக்காசு) என்கிற பழைய தொகையை இன்றைக்கும் எழுதுகிறார்கள். உறவுக்காரர் அல்லாத இரண்டு சாட்சிகள் கையெழுத்து, பந்தலுக்குக் கீழே எல்லார் முன்பும் வாசிப்பு, பிறகு பத்திரம் பெண்ணிடம். அது அவளுடைய சொத்து. தொலைந்துபோனால் புதிதாக எழுதியாக வேண்டும், பத்திரம் இல்லாமல் சேர்ந்து குடித்தனம் நடத்தக் கூடாது என்பது அவர்கள் சட்டம். அதனால் சிலர் அரசின் யூத மத அலுவலகமான ரபினேட் கொடுக்கிற சாதாரணத் தாளைப் பீரோவில் வைத்துவிட்டு, வண்ணம் தீட்டிய ஒன்றைச் சுவரில் மாட்டுகிறார்கள்.

என் தோழிக்கு அவள் அத்தை ஒன்று எழுதச் சொல்லியிருந்தார், எழுதியவர் வீட்டுக்கு நானும் கூடப் போனேன். காகிதத்தில் வெட்டிய மாதுளங்கிளை, அதற்கு நடுவே எழுத்து. எழுதி முடித்தாகிவிட்டது என்று நினைத்துப் பார்த்தால் கடைசி வரியில் ஒரு சொல்லில் ஒரு எழுத்துக்குக் கால் இல்லை. அதை வேண்டுமென்றே விடுகிறார்கள், கல்யாணத்தன்று மாப்பிள்ளை கடமையை ஏற்றுக்கொண்ட பிறகு யூத மதகுருவான ரபி அந்தக் காலை வரைந்து முடிப்பார், அப்போதுதான் பத்திரம் பூர்த்தியாகும். அதற்காக அதே மையில் கொஞ்சம் குப்பியில் ஊற்றிக் கொடுத்தனுப்பினார் எழுதிய அந்த அம்மா. இந்த அளவு கவனம் இருக்கிறவரிடம் கொடுக்கிற காசு வீண்போகாது. ஆனால் வாசகத்தைக் கல்யாணத்தை நடத்திவைக்கிற ரபி முன்கூட்டியே பார்த்துச் சரி சொல்ல வேண்டும், பெயர், அப்பா பெயர், எபிரேய நாட்காட்டித் தேதி, ஊர் எல்லாம் சரியாக இருக்க வேண்டும், கல்யாணம் சூரியன் மறைந்த பிறகு என்றால் தேதி அடுத்த நாளுக்குப் போய்விடும், இதையெல்லாம் வெளியாள் நாம் தலையிட்டுச் செய்ய முடியாது. வேண்டுமானால் நல்ல ஃப்ரேம் போட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள். வெயிலில் மை வெளுக்காத கண்ணாடி, அமிலம் இல்லாத அட்டை என்று கேட்டுப் போட்டால் அந்த ஃப்ரேமே ஒரு நல்ல தொகை ஆகும், அதையும் பரிசு என்று மதிப்பார்கள்.

உடைத்த கண்ணாடியை வைத்துச் செய்கிற நினைவுப் பொருள் இப்போது ரொம்பப் பிரபலம். சடங்கின் முடிவில் மாப்பிள்ளை காலால் ஒரு கண்ணாடிக் குவளையை மிதித்து உடைப்பது எல்லாருக்கும் தெரியும், கி.பி. 70-இல் அழிந்த ஜெருசலேம் கோயிலை எவ்வளவு சந்தோஷத்திலும் மறக்கக் கூடாது என்பதற்காக. யூதர்களின் பழைய சட்ட நூலான தல்மூதில் கதை ஒன்று இருக்கிறது: மார் பார் ரவினா என்ற ரபி தன் மகன் கல்யாணத்தில் பெரியவர்கள் அளவு மீறிக் கும்மாளம் போடுவதைப் பார்த்து, 400 சூஸ் பெறுமானமுள்ள கோப்பை ஒன்றைக் கொண்டுவந்து அவர்கள் முன்னால் உடைத்தார், எல்லாரும் அடங்கிவிட்டார்கள். இப்போது கடைகளில் நீலம், ஊதா, பச்சை என்று வண்ணக் குவளையைப் பையோடு விற்கிறார்கள், உடைந்த துண்டுகளை அனுப்பினால் அதை மெசுசா உறையிலோ, மெழுகுவர்த்தித் தாங்கியிலோ, கண்ணாடி மாதிரித் தெளிவான கட்டியிலோ பதித்துத் தருகிறார்கள்.

இதில் என் அபிப்பிராயம் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஒரு சினேகிதர் வீட்டு வாசலில் நீலத் துண்டுகள் நிறைந்த மெசுசாவைப் பார்த்தேன், சாயங்கால வெயில் படும்போது நிலைக்கதவில் நீலப் புள்ளிகள் விழுகின்றன, உள்ளே சரியான தோலும் இருக்கிறது. அது அருமை. வெறும் கட்டிக்குள் துண்டு மிதக்கிற மேசை அலங்காரம் எனக்குப் பிடிக்கவில்லை, அதற்கு ஒரு வேலையும் இல்லை. இன்னொரு ஜோடிக்கு நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு ஆன்லைன் கடையில் இதை ஆர்டர் செய்தோம். சொன்ன தேதிக்கு வரவில்லை, அதைக்கூட மன்னிக்கலாம், வந்ததில் பெயர் வெட்டியிருந்தது இடமிருந்து வலமாக. எபிரேயம் வலமிருந்து இடம். எழுத்து எல்லாம் சரி, வரிசை தலைகீழ், வாசித்தால் பெயரே இல்லை. படம் எடுத்து அனுப்பினோம், நீங்கள் தட்டச்சு செய்தபடிதான் வந்திருக்கிறது என்றார்கள், நாங்கள் அனுப்பிய படிவத்தில் பெயர் ஒழுங்காக இருப்பதைக் காட்டிய பிறகும் பாதிப் பணம்தான் திரும்பி வந்தது. துண்டுகள் அதற்குள் பதிந்துவிட்டன, அதை மறுபடி எடுக்க முடியாது, அதுதான் பெரிய வருத்தம், அந்தக் கண்ணாடி ஒரு தடவைதான் உடைகிறது. எந்தக் கடையாக இருந்தாலும் பெயர் வெட்டுவதற்கு முன் படம் அனுப்பி ஒப்புதல் கேட்கிறார்களா என்று பாருங்கள், எபிரேயம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் அந்தப் படத்தைக் காட்டுங்கள், துண்டுகளில் பாதியை மட்டும் அனுப்புங்கள். அப்புறம் இன்னொன்று, சத்தம் நன்றாக வரும் என்று சிலர் குவளைக்குப் பதிலாக மின்விளக்குக் குமிழை வைத்து உடைப்பார்கள், அது பொடியாகிவிடும், பதிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

மோதிரம் விருந்தாளி வாங்குகிற பொருள் இல்லை. மாப்பிள்ளை தன் சொந்தக் காசில் வாங்கிய, கல் பதிக்காத சாதாரண வளையம்தான் சடங்குக்கு ஆகும், பெண்ணின் வலது கை ஆள்காட்டி விரலில் போடுவார்கள். கூரை வீடு மாதிரி மேலே கோபுரம் வைத்த பழைய பாணி மோதிரங்களைக் கடைகளில் பார்ப்பீர்கள். அதன் மூலம் நிஜம்தான். ஜெர்மனியின் எர்ஃபுர்ட்டில், 1349-இல் கொள்ளை நோய்க் காலத்துப் படுகொலையின்போது யாரோ புதைத்துவைத்த புதையலில் அப்படி ஒரு தங்க மோதிரம் 1998-இல் கிடைத்தது, கூரையில் மசல் தோவ் (நல்வாழ்த்து) என்று பொறித்திருக்கிறது. அதன் நகல் வாங்கினால் அலமாரிக்குத்தான் போகும், ஆனால் சரித்திரப் பைத்தியமாக இருக்கிற ஜோடி என்றால் நான் சொன்ன விதியை இதற்காக மீறலாம்.

எதையும் வாங்குவதற்கு முன் நேரம் இருந்தால் இஸ்ரேல் மியூசியத்துக்குப் போய்விட்டு வாருங்கள். கல்யாண உடை, மோதிரம், கெத்துபா எல்லாவற்றிலும் அசல் எப்படி இருக்கும் என்று கண் பழகும், பிறகு கடையில் யாரும் ஏமாற்ற முடியாது. அங்கே கொச்சி மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் ஜெப ஆலயத்தின் உட்புறத்தையே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், பதினாறாம் நூற்றாண்டு மர வேலை. நம்ம பக்கத்து மரச் செதுக்கு என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். கொச்சி யூதப் பெண்களுக்குக் கல்யாணத்தில் தாலியும் உண்டு என்பது இங்கே பலருக்குத் தெரியாது, என் தோழிக்கு நான்தான் சொன்னேன்.

நடைமுறை விஷயம் கொஞ்சம். பஸ்கா, ஷாவுவோத் பண்டிகைகளுக்கு நடுவில் பல வாரங்கள் கல்யாணம் இருக்காது, எபிரேய ஆவ் மாதம் ஒன்பதாம் நாள் துக்கத்துக்கு முந்தைய மூன்று வாரமும் அப்படித்தான், அது முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் கல்யாணம் செய்வார்கள், பெயர் வெட்டுகிறவர்கள் கையில் வேலை குவிந்துவிடும். அதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். மத்தியானத்துக்கு மேல் வெள்ளிக்கிழமை போகவே போகாதீர்கள், கடை சாத்திவிடுவார்கள், சனிக்கிழமை இருட்டிய பிறகுதான் திறக்கும். பேரம் பழைய நகரத்தில் செல்லும், கலைஞர்கள் சந்தில் கொஞ்சம் குறைப்பார்கள், எழுத்தரின் தோலுக்குப் பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை. திராட்சை ரசம், இனிப்பு எதையும் கோஷர் (யூத உணவு விதிப்படி ஆனது) முத்திரை பார்க்காமல் பரிசோடு சேர்க்க வேண்டாம்.

கடைசியாக, கிண்ணமோ தட்டோ கொடுப்பதாக இருந்தால் விலைச் சீட்டையும் அதன் பசையையும் சுத்தமாக எடுத்துவிட்டுக் கொடுங்கள். யூதர் அல்லாதவர் கையிலிருந்து வருகிற உலோக, கண்ணாடிப் பாத்திரங்களை, சாப்பாட்டுக்குப் புழங்குவதற்கு முன் மிக்வே என்கிற சடங்குத் தொட்டி நீரில் முழுக்க முக்கி எடுப்பார்கள், தண்ணீருக்கும் பாத்திரத்துக்கும் நடுவே ஒரு துளிப் பசைகூட இருக்கக் கூடாது. நம் கை பட்டதால் கழுவுகிறார்களோ என்று தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கடையில் புதிதாக வாங்கிய சட்டிக்கும் இதே கதைதான். என் தோழி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனபோது நானும் கூடப் போய் வாசலில் நின்றேன், அடுத்த வெள்ளிக்கிழமையே சாப்பிட அழைத்தாள்.